என்விஎஸ்எஸ் இமேஜ் சர்வர் ரிவ்யூ: பிளானட்டரி நெபுலாவ ரேடியோல பாக்கணும்னா

என்விஎஸ்எஸ்ங்கிறது வானத்தோட ரேடியோ சர்வே, அதோட படங்கள குடுக்குற வெப்சைட்தான் இந்த இமேஜ் சர்வர். காசு கட்ட வேணாம், அக்கவுண்ட் வேணாம், பிளானட்டரி நெபுலாவோட (சாகப்போற நட்சத்திரம் வெளிய தள்ளின வாயு மேகம்) ஆர்ஏ, டெக் (வானத்துல அது இருக்குற எடத்தச் சொல்ற ரெண்டு நம்பர்) போட்டா அந்த இடத்தோட ரேடியோ படம் வந்துடும். நியூ மெக்சிகோவுல இருக்குற விஎல்ஏ ரேடியோ டெலஸ்கோப்ப வச்சு 1990கள்ல 1.4 கிகாஹெர்ட்ஸ்ல எடுத்த சர்வே இது, டெக் -40 டிகிரிக்கு வடக்க உள்ள வானம் மொத்தமும் இருக்கு. பேஜ் பாக்க பழசா இருக்கும், ஆனா வேலை சுத்தம்.

மொதல்ல என்ஜிசி 7027ங்கிற நெபுலாவ போடுங்க (21 07 01.6, +42 14 10). பளிச்சுனு ஒரு புள்ளி வரும். இவ்வளவுதானான்னு விட்டுடாதீங்க, சர்வேயோட ரெசல்யூஷன் (பிரிச்சுக் காட்ட முடிஞ்ச சின்ன அளவு) 45 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரில 3600ல ஒண்ணுதான் ஒரு ஆர்க்செகண்ட்), நெபுலாவே 15 பக்கம்தான், அப்புறம் எப்படி ஷேப் தெரியும். ஷேப்தான் வேணும்னா 2017ல ஆரம்பிச்ச விலாஸ் சர்வேக்குப் போங்க, அது 2.5 ஆர்க்செகண்ட், ஆனா பெரிய மங்கலான நெபுலாவ அது நெறைய தவற விட்டுடும், அங்க இந்தப் பழசுதான் கை குடுக்கும். இன்னொண்ணு, 7027 வாயு ரொம்ப அடர்த்தி, 1.4ல உள்ள வரைக்கும் தெரியாது, 10 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போனா ஃப்ளக்ஸ் (நமக்கு வந்து சேர்ற ரேடியோ வெளிச்சம்) பல மடங்கு ஏறும், அதனால இந்த ஒரே நம்பர வச்சு வாயு எவ்வளவுன்னு கணக்கு போட்டுடாதீங்க.

காந்தப்புலம் பாக்கலாம்னு வர்றவங்க கொஞ்சம் நில்லுங்க. க்யூ, யூ மேப்பும் (ரேடியோ அலை எந்தப் பக்கமா அதிருதுங்கிற போலரைசேஷன காட்டுற படங்க) குடுக்குறாங்க, ஆசையா எடுத்துப் பாத்தா நெபுலா இருக்குற எடத்துல கிட்டத்தட்ட காலி. ஏன்னா இந்த ரேடியோ வர்றது 10,000 கெல்வின் பக்கம் சூடான பிளாஸ்மாவுல எலக்ட்ரான் அயனி பக்கத்துல வளையறதால, அதுல போலரைசேஷன் கெடையாது. லேசா ஏதாச்சும் தெரிஞ்சாலும் அது பெரும்பாலும் கருவியோட கசிவுதான், புலம்னு நம்பிடாதீங்க. புலம் வேணும்னா மேசர் (லேசர் மாதிரி, ஆனா மைக்ரோவேவ்ல இயற்கையாவே வர்ற கதிர்) வேணும் (கே3-35ங்கிற நெபுலாவுல 2001ல அப்படித்தான் புடிச்சாங்க), இல்ல தூசியோட போலரைசேஷன் வேணும். எனக்கு ரொம்பப் புடிச்ச வழி எஸ்ஹெச் 2-216ங்கிற நெபுலாவுல கனடாக்காரங்க பண்ணது: பின்னாடி இருந்து வர்ற பால்வீதியோட போலரைஸ்டு ரேடியோ, நெபுலாவுக்குள்ள பூந்து வரும்போது அதிர்ற பக்கம் எவ்வளவு திரும்புதுன்னு அளந்து, புலம் சுமார் 5 மைக்ரோகாஸ்னு சொல்லிட்டாங்க, நெபுலா தானா போலரைஸ்டா எதையும் வெளியிடவே வேண்டியதில்ல பாருங்க! அந்த மாதிரி வேலைக்கு என்விஎஸ்எஸ் டேட்டா தங்கம், இதுலேருந்தே 2009ல 37,543 ரேடியோ சோர்சுக்கு ரொட்டேஷன் மெஷர் (அந்தத் திருப்பத்தோட அளவு) போட்டு வச்சிருக்காங்க.

டவுன்லோட் பண்ணும்போது ஜேபெக் எடுக்காதீங்க, ஃபிட்ஸ் (வானியல்ல படத்தோட நெஜ அளவுகளையும் சேத்து வைக்கிற ஃபைல்) எடுங்க, ஃப்ளக்ஸ் அளக்கணும்னா அதுல மட்டும்தான் முடியும்.