மாரி கழிந்தும் மனம் ஆற்றும் படங்கள்: யாழ்ப்பாண வீடுகளில் நீண்டகால அனுபவம்

ஓய்வறைக்குப் படம் வாங்கமுன் சுவரைப் பாருங்கள். வாடைக்காற்றோடு அடிக்கும் மாரி மழை வடக்கு, கிழக்குச் சுவர்களை ஊற வைக்கும். பழைய கல்வீடுகளில் நிலத்து ஈரமும் இடுப்பு உயரம் வரை ஏறிச் சுண்ணாம்பை உதிர்க்கும். அங்கே கொழுவிய படங்கள்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கின்றன. மேற்கு யன்னலால் பின்னேர வெயில் விழும் சுவரும் ஆகாது. மலிவான அச்சுப் பிரதிகளில் மஞ்சளும் சிவப்பும் முந்தி வெளிறி, பச்சை வயல் நீலம்பாரித்துவிடும். அச்சிடுபவரிடம் பிக்மென்ற் மையா (நுண்ணிய நிறத்துகள் கலந்த மை) என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண மையைவிட அது கனகாலம் நிற்கும்.

எந்தக் காட்சி நல்லது? 1984 இல் அமெரிக்க ஆய்வாளர் ரொஜர் உல்ரிச் 'சயன்ஸ்' அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வு, காட்சிகள் மனம் ஆற்றுவது பற்றிய பேச்சில் எப்போதும் வருவது. பித்தப்பைச் சத்திரசிகிச்சை முடிந்தவர்களில், யன்னலால் மரங்களைக் கண்ட 23 பேர், செங்கல் சுவரைக் கண்ட 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அது யன்னல் காட்சி பற்றிய ஆய்வு. ஆனாலும் மரம், நீர், தூரம்வரை கண் போகும் வெளி உள்ள படங்கள்தான் வருடக்கணக்கில் அலுக்காமல் நிற்கின்றன.

கடற்படம் மட்டும் இங்கே வீட்டாரைக் கேட்டுக் கொழுவ வேண்டியது. 2004 சுனாமியில் உறவுகளை இழந்த வடமராட்சிக் கிழக்கு வீடொன்றில் அலைப்படம் ஆறுதல் தராது. தாமரைக் கேணியோ மழை கண்ட வயலோ போதும். செம்மஞ்சள் வானத்தில் கரும்பனை நிற்கும் படம் விறாந்தைக்குச் சரி; படுக்கையறைக்கு அந்த நிறம் கடுமை. ஷெல் பட்டுத் தலை முறிந்த பனைகளை வரைந்த ஓவியங்களைப் போற்றி வைக்கத்தான் வேண்டும், ஆனால் நித்திரைகொள்ளும் இடத்தில் வேண்டாம்.

கதவு நிலைக்கு மேலே, முன்பக்கம் சாய்த்துக் கொழுவும் பழக்கம் நம்மிடம் உண்டு. கழுத்து நோகும், பார்ப்பதே நின்றுவிடும். நடந்து போகும் இடத்தில் படத்தின் நடு நிலத்திலிருந்து 57 அங்குலம். இருந்து பார்க்கும் அறையில் இன்னும் அரை அடி கீழே. ஆறடிச் செற்றிக்கு மேலே என்றால் படம் 4 அடி அகலமாவது வேண்டும், செற்றியின் முதுகிலிருந்து 6 முதல் 8 அங்குலம் மேலே.

கூடக் கவனிக்க வேண்டியது படச்சட்டம். படம் கண்ணாடியில் நேரே தொட்டால் ஈரக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்றினால் மையும் உரிந்து வரும். இரண்டங்குல அகலமான மட்டை விளிம்பு படத்தைச் சுற்றி, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் இருக்கவேண்டும், அதுவும் அமிலமற்ற மட்டை. சாதாரண மட்டை வெட்டின ஓரத்திலிருந்து பழுப்பேறும். பின்பலகைக்கு ஹாட்போட் போட்டால் ஈரத்தில் ஊதும். கோதுமைமாப் பசை கூடவே கூடாது, இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் போத்தல் தக்கையை அரை அங்குலத் தடிப்பில் சீவி ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். இந்தச் சின்ன வேலை காப்பாற்றிய அளவுக்கு வேறெதுவும் படங்களைக் காப்பாற்றியதில்லை.

பழைய சுண்ணாம்புச் சாந்தில் ஆணி அடித்தால் பொருக்கோடு விழும். 6 மில்லிமீற்றர் துளையிட்டு, பிளாஸ்ரிக் முளையைச் செருகி, இரண்டங்குலத் திருகாணி பூட்டுங்கள். துளை பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போகவேண்டும். கனமான படத்துக்கு இரண்டு கொழுக்கி. தை பிறந்து மழை ஓய்ந்ததும் கழற்றிப் பின்பக்கத்தை நிழலில் காயவிடுங்கள்.

கன்வஸில் அக்ரிலிக் தீட்டிய அசல் ஓவியங்களுக்குக் கண்ணாடி தேவையில்லை, யன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு மினுங்கும் தொல்லையும் இல்லை. அப்படியான ஓவியங்களுக்கு மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பீடத்துச் சித்திர மாணவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

ஒரு சுவருக்கு ஒரு படம் போதும். கலண்டர், பட்டமளிப்புப் படம், சாமத்தியப் படம் எல்லாம் ஒரே சுவரில் நெருங்கினால் எந்த ஓவியமும் எடுபடாது. காலமானவர்களின் படங்களைக் கட்டிலுக்கு எதிரே வைக்காமல், விளக்கேற்றும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டபிறகே இடம் மாற்றுங்கள்.