உள்ளங்கை வியர்வைக்கான இ.டி.எஸ். அறுவைசிகிச்சை: பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

உள்ளங்கை வியர்வையை நிறுத்தும் இ.டி.எஸ். (மார்புக்குள் கேமரா செலுத்திப் பரிவு நரம்பைத் துண்டிக்கும்) அறுவைசிகிச்சையை, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் மதிப்பிடச் சொன்னால் யாரும் முழு மதிப்பெண் தந்துவிடுவார்கள். அதன் உண்மையான கணக்கு முதல் கோடை வந்த பிறகே தெரியவரும் என்பது, பல ஆண்டுகளாக அதன் பலனோடும் பாதிப்போடும் வாழ்ந்துவரும் என் கருத்து.

பொது மயக்கம் கொடுத்து, அக்குளின் அருகே இடும் சிறு துளைகள் வழியே கேமராவைச் செலுத்தி, வியர்வையைத் தூண்டும் பரிவு நரம்புத் தொடரை 3ஆவது அல்லது 4ஆவது விலா எலும்பின் மட்டத்தில் துண்டிக்கிறார்கள் அல்லது கிளிப் போட்டு இறுக்குகிறார்கள். பெரும்பாலானோருக்குக் கண்விழிக்கும்போதே கைகள் உலர்ந்திருக்கும். எனக்கும் அப்படியே இருந்தன. எழுதும்போது தாள் நனையாதிருக்கக் கைக்குக் கீழே கைக்குட்டையை விரிக்கும் வழக்கம் அன்றோடு ஒழிந்தது, இன்றுவரை அந்தப் பலன் குறையவில்லை. இப்போது புத்தகத்தின் பக்கத்தைப் புரட்ட விரலில் ஈரம் போதவில்லை என்பதும், தோல் வெடிக்காதிருக்கக் களிம்பு தடவ வேண்டியிருப்பதும் நான் மனமாரப் பொறுத்துக்கொள்ளும் சிறு தொல்லைகள்.

பொறுத்துக்கொள்ளக் கடினமானது ஈடுசெய் வியர்வை. கையில் நின்றுபோன வியர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் பெருகுகிறது. வெயிலில் சற்று நடந்தாலே, முகம் காய்ந்திருக்க, சட்டையின் முதுகுப்புறம் இடுப்புவரை நனைந்து உடலோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த அறுவைசிகிச்சை செய்துகொண்ட பலருக்கும் இது ஓரளவு வருகிறது. சிலருக்கு, ஏன் செய்துகொண்டோம் என்று வருந்தும் அளவுக்கு வருகிறது. 2ஆவது விலா எலும்பின் மட்டத்தில் நரம்பைத் துண்டித்தால் இந்த அபாயமும், இமை தொங்கிப்போகும் அபாயமும் கூடுகின்றன. கிளிப்பை அகற்றினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற ஆறுதலுக்கும் உத்தரவாதம் கிடையாது.

எனக்குச் சிகிச்சையளித்த மருத்துவமனையில் இவ்வளவும் ஒப்புதல் படிவத்தின் ஒற்றை வரியில் அடங்கியிருந்தது. அறுவைசிகிச்சையின் நேர்த்திக்கு முழு மதிப்பெண் தரும் நான், முன் ஆலோசனைக்குப் பாதிகூடத் தர மாட்டேன். வாழ்நாள் முழுவதும் உடன் வரப்போகும் ஒன்றை நோயாளியிடம் எடுத்துச் சொல்ல அரைமணி நேரம் ஒதுக்குவது எந்த மருத்துவருக்கும் இயலாத காரியமல்ல.

அலுமினியம் குளோரைடு பூச்சு, அயன்டோபோரசிஸ் (நீரில் கைகளை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறை), போட்டாக்ஸ் ஊசி, வியர்வையைக் குறைக்கும் ஆக்சிபியூட்டினின் மாத்திரை ஆகியவற்றை முறையாக முயன்று பார்த்தும் பயனில்லாதவர்களுக்கே, அதுவும் உள்ளங்கை வியர்வைக்கு மட்டுமே, இதைப் பரிந்துரைப்பேன். அக்குள் வியர்வைக்காகச் செய்துகொள்பவர்களிடம் இதே அளவு திருப்தி காணப்படுவதில்லை. எந்த மட்டத்தில் துண்டிக்கப் போகிறார்கள், முன்பு செய்துகொண்டவர்கள் சில ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் தேதி குறிக்க வேண்டாம்.