நிறம் மாறும் ஆணுறை: வந்தால் வாங்கலாமா?

பால்வினை நோய்க் கிருமி பட்டதும் நிறம் மாறும் ஆணுறை என்று ஒரு செய்தியைப் பார்த்திருப்பீர்கள், ஏதோ அடுத்த வாரமே மெடிக்கலில் தொங்கப்போவது மாதிரி எழுதியிருப்பார்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது. 2015இல் லண்டன் இல்ஃபோர்டில் உள்ள ஐசக் நியூட்டன் அகாடமி என்ற பள்ளியில் படித்த 13, 14 வயதுப் பையன்கள் மூன்று பேர் டீன்டெக் என்ற பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் தொழில்நுட்பப் போட்டிக்குக் கொடுத்த யோசனை அது. 1,000 பவுண்டு பரிசு கிடைத்தது, பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் போக வாய்ப்புக் கிடைத்தது. யோசனை நிலையில்தான் இருக்கிறது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள், தலைப்புப் போட்டவர்கள்தான் அதைக் கண்டுபிடிப்பு ஆக்கினார்கள்.

அந்த வயதில் இப்படி யோசித்ததற்குத் தாராளமாகக் கைதட்டலாம். ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவர் கண்ணால் பார்த்தால் கதை வேறு.

பால்வினை நோய் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: கிளமிடியாவுக்குப் பச்சை, ஹெர்பிஸுக்கு மஞ்சள், எச்பிவி என்ற வைரஸுக்கு ஊதா, சிஃபிலிஸுக்கு நீலம். இதுதான் அவர்கள் போட்ட நிறப் பட்டியல். ஆணுறை செய்யும் சாதாரண லேட்டக்ஸ் ரப்பரே லேசான மஞ்சள்தான், அதில் மங்கலாக விழுந்த மஞ்சளை யார் கண்டுபிடிப்பது? அதுவும் விளக்கை அணைத்துவிட்டு! ஒருவருக்கு ஹெர்பிஸும் சிஃபிலிஸும் சேர்ந்து இருந்தால் மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையாகத் தெரியும், உடனே கிளமிடியா என்று முடிவு கட்டிவிடுவோம். உறையின் உள்பக்கம் ஒருவர், வெளிப்பக்கம் இன்னொருவர், அப்படியிருக்க நிறம் யாருடையது என்று அந்த நேரத்தில் கட்டிலில் உட்கார்ந்து பஞ்சாயத்து வைக்க முடியுமா? மருத்துவமனையில் ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு உங்கள் கையில் மட்டும்தான் கொடுப்பார்கள், இங்கே இருவர் முன்னாலும் ஒரே நேரத்தில் ரிசல்ட் வருகிறது.

வேதியியலும் இடிக்கிறது. கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை ரப்பரின் மேல் பூச வேண்டும். கோவிட் சமயத்தில் வீட்டில் பயன்படுத்திய, ஆன்டிபாடி பூசிய பரிசோதனைக் கிட்களையே 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அட்டையில் போட்டிருந்தார்கள். ஆணுறையோ ஆண்டுக்கணக்கில் கடையில் கிடக்கும், அப்புறம் யாரோ ஒருவர் பர்ஸில் வைத்துப் பின்பாக்கெட்டில் உட்கார்ந்தே நசுக்குவார், போதாக்குறைக்கு மேலே முழுக்க லூப்ரிகன்ட் வேறு. கிளமிடியாவை ஆய்வகத்தில் கண்டுபிடிக்க அதன் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கிறார்கள், ஒரு சொட்டுத் திரவம் பட்டதும் வெறும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அங்கே கிருமி இருக்காது.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது நிறம் மாறாத உறைதான். தொற்றி ஒரு வாரமே ஆன சிஃபிலிஸை ரத்தப் பரிசோதனையே தவறவிடலாம். ஹெர்பிஸ் வைரஸ் சில நாள் தோலில் வெளிப்படும், சில நாள் இருக்கிற இடமே தெரியாது. ஒன்றும் தெரியவில்லை என்றதும் "அப்போ அடுத்த தடவை உறையே வேண்டாமே" என்று யாராவது சொல்வார், சொல்லாமல் இருக்க மாட்டார். நிறம் மாறாவிட்டாலும் தடுக்க வேண்டியதைத் தடுத்துக்கொண்டிருந்த உறையைக் கழற்ற வைப்பதற்கா இத்தனை செலவு? எச்பிவி இன்னும் கொடுமை. பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது வந்து, பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தானே போய்விடுகிற தொற்று அது. ஊதாவைப் பார்த்து எத்தனை உறவு உடையுமோ!

பையன்கள் தொட்ட இடம் மட்டும் சரியான இடம். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி தினமும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் குணப்படுத்தக்கூடிய பால்வினை நோய் புதிதாகத் தொற்றுகிறது, பெரும்பாலும் அறிகுறியே இருப்பதில்லை. பரிசோதனைக்குப் போகக் கூச்சம். அந்தக் கூச்சத்தைத் தாண்ட வேறு வழிகள் வந்துவிட்டன. இங்கிலாந்தில் பல பகுதிகளில் இலவசப் பரிசோதனைக் கிட் தபாலில் வீட்டுக்கே வருகிறது. அமெரிக்காவில் 2025 மார்ச்சில் விஸ்பி என்ற நிறுவனத்தின் கிட்டுக்கு அனுமதி கொடுத்தார்கள், பெண்கள் வீட்டிலேயே கிளமிடியா, கொனோரியா, டிரைக்கோமோனியாசிஸ் என்ற பால்வினைத் தொற்றுகள் மூன்றையும் அரை மணி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம், ரகசியமும் காப்பார்கள்.

ஐந்துக்கு என் மதிப்பெண்: யோசனைக்கு மூன்று, பொருளுக்குப் பூஜ்யம். யாராவது இதை ஆன்லைனில் விற்றால் காசைக் கொடுத்துவிடாதீர்கள், சாதாரண உறையே போதும்.