கஞ்சா இலையை வரைய எந்த ஊடகம் ஒத்துவரும்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கஞ்சா இலையை வரைவதில் முதல் சிக்கலே, அது எல்லோருக்கும் ஏற்கனவே தெரிந்த வடிவம் என்பதுதான். டி-ஷர்ட்டிலும் ஸ்டிக்கரிலும் பார்த்துப் பழகிய பச்சைச் சின்னம் கைக்குத் தானாக வந்துவிடும். செடியில் இருக்கும் இலை வேறு. இந்த ஒரே இலையைப் பல ஆண்டுகளாகப் பென்சில், மை, வாட்டர்கலர், கவாஷ் (அடிநிறத்தை மூடிவிடும் நீர்வண்ணம்), ஆயில், லினோ (லினோலியத் தகட்டைச் செதுக்கி அச்சிடுவது), டிஜிட்டல் என்று மாற்றி மாற்றி வரைந்து வருகிறேன். எது கைகொடுத்தது, எது இழுத்தடித்தது, வரைந்த படங்கள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்று இங்கே எழுதுகிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: விளிம்பில் இருக்கும் அந்த ரம்பப் பற்களை ஊடகம் எப்படிக் கையாளுகிறது?

வரைவதற்குச் செடி தேவையில்லை. பல நாடுகளில் அதை வளர்ப்பதோ வைத்திருப்பதோ குற்றம். பெரிய தாவரவியல் நிறுவனங்கள், லண்டன் கியூ தோட்டம் உட்பட, உலர்தாவரத் தாள்களை (செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிய தாள்கள்) உயர் தெளிவில் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கின்றன. நரம்பு, பல், அளவு எல்லாம் அதில் கிடைத்துவிடும். அழுத்தி உலர்த்திய இலை தட்டையாக இருக்கும் என்பது ஒன்றுதான் குறை. இலை வளைந்து தொங்கும்போது எப்படித் தெரியும் என்று பழக எனக்கு நொச்சிக் கிளை உதவியது. அதிலும் ஒரே புள்ளியிலிருந்து மூன்று, ஐந்து சிற்றிலைகள் (ஒரே இலையின் விரல் போன்ற பகுதிகள்) விரியும். பற்கள் மட்டும் இவ்வளவு கூர்மையாக இருக்காது.

இப்போது இலைக்கு வருவோம். விதையிலைகளுக்குப் பிறகு வரும் முதல் ஜோடி உண்மை இலைகளில் ஒரே சிற்றிலைதான் இருக்கும். மேலே போகப் போக மூன்று, ஐந்து, ஏழு என்று கூடும், சில செடிகளில் பதிமூன்று வரைகூடப் போகும். பூக்கும் நுனிப்பகுதியில் மறுபடி குறையும். நடுச் சிற்றிலைதான் நீளம். கீழ் ஜோடி குட்டையாக, காம்பு பக்கம் திரும்பி நிற்கும். தாவரவியலாளர்களான லின்னேயஸ் 1753-இல் பெயரிட்ட சட்டிவாவுக்கும் லாமார்க் 1785-இல் தனியாகப் பிரித்த இண்டிகாவுக்கும் உள்ள வேறுபாட்டை ஓவியர்கள் ஒல்லி இலை, அகல இலை என்றுதான் பார்க்கிறார்கள்.

நான் அதிகம் நேரம் செலவழித்தது நரம்பில். ஒவ்வொரு பல்லின் நுனிக்கும் ஒரு பக்க நரம்பு போகும். ஆனால் அது அந்தப் பல்லுக்கு நேராக நடு நரம்பிலிருந்து கிளம்பாது. பற்களுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் இரண்டு பள்ளம் கீழே தள்ளிப் புறப்பட்டு, சாய்வாக ஏறி, வழியில் இருக்கும் பள்ளத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு போய் நுனியைத் தொடும். உரசாமல் சற்று விலகிப் போனால், அதிலிருந்து ஒரு குட்டிக் கிளை பிரிந்து பள்ளத்தின் அடியைத் தொடும். இந்த ஒரு விஷயத்தைச் சரியாக வரைந்துவிட்டால், ஒரு சிற்றிலையை மட்டும் வரைந்தாலும் இது கஞ்சாதான் என்று தெரிந்துவிடும். நரம்பை மீன்முள்போல நேராக இழுத்தால் இலை சின்னமாகிவிடுகிறது.

இதைப் பழகுவதற்குப் பென்சில் போதும். முதலில் எல்லா நடு நரம்புகளையும் 2எச்-இல் லேசாக இழுத்து, நுனிகளை ஒரு வளைகோட்டால் இணைப்பேன். அப்புறம் பக்க நரம்புகள். பற்கள் கடைசியில்தான். நரம்பு போய் முடியும் இடத்தில் பல் தானாக அமையும். விளிம்பை முதலில் வரைந்துவிட்டு நரம்பை உள்ளே திணித்தால் பாதி நரம்புகள் போக இடமில்லாமல் நிற்கும்.

மை எனக்கு மிகவும் பிடித்த ஊடகம். 0.05, 0.1 அளவு பிக்மென்ட் (கரையாத நிறத்துகள்) பேனாக்கள் சுத்தமான கோடு தரும், ஆனால் எல்லாம் ஒரே தடிமன். தொட்டு எழுதும் நிப் பேனாவில் பல்லின் வெளிப்புறத்தில் லேசாக அழுத்தி, நுனியில் கையைத் தூக்கினால், கோடு தடித்து மெலிந்து ஊசியாக முடியும். இந்தக் கூர்மையை வேறு எந்தக் கருவியும் எனக்குத் தந்ததில்லை. வழுவழுப்பான தாள் கட்டாயம் வேண்டும். சொரசொரப்பான தாளில் நிப் சிக்கி மை தெறிக்கும்.

வாட்டர்கலருக்குத்தான் பொறுமை அதிகம் தேவைப்பட்டது. அது திருப்பித் தருவதும் அதிகம். நான் பயன்படுத்துவது 300 ஜிஎஸ்எம், முழுப் பருத்தி, வழுவழுப்பான ஹாட் பிரஸ் தாள். சொரசொரப்பான கோல்டு பிரஸ் தாளின் குழிகளில் பற்கள் மழுங்கிவிடுகின்றன. பச்சையைப் பொறுத்தவரை, தாலோ கிரீனைத் தனியாகப் போட்டால் பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கும். அதில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா கலந்தால் உயிர் வரும். அல்ட்ராமரீனும் லெமன் யெல்லோவும் அமைதியான பச்சை தரும். இலையின் மேற்பரப்பு வானத்தைப் பிரதிபலிப்பதால், ஒளி விழும் இடங்களில் முதலில் மிக வெளிறிய நீலச் சாம்பல் வாஷ் (நீர்த்த நிற அடுக்கு) ஒன்று போட்டு, காய்ந்த பிறகு அதன் ஓரங்களில்தான் பச்சையைத் தொடங்குவேன்.

வெளிர் நரம்புகளுக்கு, நிறம் படாமல் தாளை மறைக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிடை நிறைய பயன்படுத்திப் பார்த்தேன். உரித்தெடுத்த பிறகு வரும் வெள்ளைக் கோடு இரு முனையிலும் மொட்டையாக இருக்கிறது. நாள் கணக்கில் விட்டால் தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தாளின் மேல்தோலையும் கிழிக்கிறது. அதனால் இப்போது நரம்புகளுக்கு இடைப்பட்ட திட்டுகளை ஒவ்வொன்றாகத் தீட்டுகிறேன். ஒரு திட்டில் நிறத்தை வைத்து, நரம்பை ஒட்டிய பக்கத்தை ஈரத் தூரிகையால் இளக்கி விடுவது. அடுத்த திட்டுக்குப் போவதற்குள் இது காய வேண்டும். நேரம் பிடிக்கும்தான். ஆனால் நரம்புகளுக்கு இடையே இலை லேசாகப் புடைத்து நிற்கும் அந்த மேடுபள்ளம் இந்த முறையில்தான் எனக்குக் கிடைத்தது.

கலர் பென்சிலில் இதைவிடச் சுலபமான வழி உண்டு. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் நரம்புகளைத் தாளில் அழுத்திப் பள்ளம் செய்துவிட்டு, மேலே பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நரம்புகள் வெள்ளையாகவே நிற்கும். மெழுகு சேர்ந்த பென்சில்களில் அழுத்திப் பல அடுக்கு போட்ட இடங்களில் சில வாரம் கழித்து வெண்படலம் தோன்றும். மென்மையான துணியால் துடைத்துவிட்டு ஃபிக்ஸேடிவ் (நிறத்தை நிலைநிறுத்தும் ஸ்ப்ரே) அடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

கவாஷில் இருட்டின் மேல் வெளிச்சத்தை வைக்கலாம் என்பதால் நரம்புகளைக் கடைசியில் இழுக்கலாம். வெளிர் நிறங்கள் காய்ந்தால் சற்று இருளும், அடர் நிறங்கள் சற்று வெளிறும். இதைக் கணக்கில் வைத்துக் கலக்க வேண்டும். அக்ரிலிக்கைப் பெரிய அளவு படங்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். சின்ன இலையில் பல் வைப்பதற்குள் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடுகிறது. சாஃப்ட் பாஸ்டல் இந்த இலைக்கு வேண்டாம்.

ஆயிலில் நான் வரைவது பெரும்பாலும் பின்னாலிருந்து வெளிச்சம் வரும் இலை. அடியில் வெளிர் மஞ்சள் பச்சை காய்ந்த பிறகு, மேலே மெல்லிய பச்சை கிளேஸ் (ஒளி ஊடுருவும் அடுக்கு) போட்டால் இலை உள்ளிருந்து ஒளிர்வதுபோல் வரும். பற்களை இலையின் நிறத்தால் வரைய முயல வேண்டாம். இலையைச் சற்றுப் பெரிதாகத் தீட்டிவிட்டு, பின்னணி நிறத்தால் பள்ளங்களை வெட்டிக்கொண்டு வாருங்கள். விளிம்பு உடனே கூர்மையாகிவிடும்.

அதே வெட்டும் வேலையை லினோகட் நேரடியாகச் செய்கிறது. வி வடிவ உளியை வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளி, பள்ளத்தின் அடியில் நிறுத்தினால் ஒரே வெட்டில் ஒரு பள்ளம். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே பல் மிஞ்சுகிறது. மையில் வரைவதற்கு அடுத்தபடியாக எனக்கு நிறைவு தந்தது இதுதான். லினோவில் தொடர் வடிவம் அச்சிட விரும்புகிறவர்கள் ஜப்பானியரின் அசானோஹாவைப் பார்க்க வேண்டும். இந்தச் செடியின் இலையை அறுகோணத்துக்குள் வெறும் நேர்கோடுகளாக்கிய துணி வடிவம் அது. ஒரு பல்கூடக் கிடையாது. என் அளவுகோலுக்குள் அடங்காத ஒன்று, ஆனாலும் அழகு.

டிஜிட்டலில் சமச்சீர்க் கருவியை அணைத்துவிடுங்கள். ஒரு பாதியை வரைந்து மறுபாதியை நகலெடுத்தால் மறுபடி ஸ்டிக்கர்தான் வரும். ஒவ்வொரு சிற்றிலையையும் தனி லேயரில் வைத்து, தனித்தனியாக வளைத்தால் இலை காற்றில் நிற்பது தெரியும்.

காலம் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். சுவரில் மாட்டியவற்றில் ஃப்ளோரசன்ட் மையில் வரைந்தவை முதலில் வெளுத்தன, அடுத்து ஆல்கஹால் மார்க்கர் படங்கள். இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் சாயம்தான், பிக்மென்ட் அல்ல. லினோ அச்சுகளும் அக்ரிலிக்கும் அப்படியே இருக்கின்றன. வாட்டர்கலரில் ட்யூபின் மேல் இருக்கும் பிக்மென்ட் எண்ணைப் பார்த்து வாங்கியவை நன்றாக நிற்கின்றன. சாப் கிரீன் என்ற பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு கலவையை விற்கிறது. அதனால் பெயரை நம்பாமல், ஒளித்தாங்குதிறன் (வெளிச்சத்தில் வெளுக்காமல் நிற்பது) ASTM அளவில் ஒன்று அல்லது இரண்டு என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். மார்க்கர் படங்களை இப்போது ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, மூலத்தை வெளிச்சம் படாத ஃபோல்டருக்குள் வைத்துவிடுகிறேன்.