குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ: வெள்ளவத்தை வீட்டுக் கணினியில் சில ஆண்டுகள்

பொருள்களின் அணு அமைப்பைக் கணித்துப் பார்க்க நான் தொடர்ந்து பாவித்து வருவது குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ. இலவச மென்பொருள், மூலநிரலும் திறந்தது, உபுண்டுவில் நன்றாக ஓடுகிறது. பெரிய ஆய்வுகூடம் கைக்கெட்டாத ஒருவர் கொழும்பில் ஓர் அறைக்குள் இருந்தே உருப்படியான நனோ ஆய்வு செய்யலாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் எதைக் கேட்டாலும் அது ஓர் எண்ணைத் தந்துவிடும். அந்த எண்ணை நம்பலாமா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோதுதான் இந்த மென்பொருளில் உள்ள ‘மெக்ஸ் செக்கண்ட்ஸ்’ என்ற நேர வரம்பின் அருமை புரிந்தது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, அதற்குச் சற்று முன்னதாக முடியும்படி விநாடிக் கணக்கைக் கொடுத்தால், கணிப்பு தன் நிலையைச் சேமித்துக்கொண்டு ஒழுங்காக நிற்கும். மின் வந்ததும் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். திடீரென்று அணைந்துபோன கணிப்புக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மின்வெட்டு ஓய்ந்த பிறகும் இந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.

என் வேலை பெரும்பாலும் கிரபைட்டில். போகலவிலும் கஹட்டகஹவிலும் கிடைக்கும் நம் நாட்டுக் கிரபைட் தூய்மைக்குப் பேர்போனது. கிரபைட் என்பது காபன் அணுக்களாலான தாள்களின் அடுக்கு. ஒரு தாளுக்குள் அந்த அணுக்கள் பிணைந்திருப்பதை, இலத்திரன்களின் சக்தியைத் தோராயமாகக் கணிக்கும், 1996இல் வந்த பிபிஇ முறை அழகாகத் தருகிறது. தாளுக்கும் தாளுக்கும் இடையில் இருப்பதோ மெல்லிய வன் டர் வால்ஸ் கவர்ச்சி. அது பிபிஇயின் கண்ணில் படாது. அளவீட்டில் 3.35 அங்ஸ்ட்ரம் (ஓர் அங்ஸ்ட்ரம் நனோமீற்றரில் பத்தில் ஒன்று) உள்ள இடைவெளி கணிப்பில் 4ஐயும் தாண்டி, தாள்கள் ஒட்டாமலே போகும். அந்தக் கவர்ச்சியைக் கணக்கில் சேர்க்கும், ஜேர்மன் வேதியியலாளர் கிரிம்மேயின் டி3 திருத்தத்துக்கு உள்ளீட்டில் ஒரு வரி போதும், கூடுதல் நேரமும் அநேகமாக இல்லை. அந்த வரி இல்லாத பல்லடுக்குக் கிரபீன் (கிரபைட்டின் ஒற்றைத் தாள் கிரபீன்) முடிவை யார் கொண்டுவந்தாலும் முதலில் அதைச் சேர்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.

ஒளி என்று வந்தால் இன்னும் கவனம் தேவை. புல்மோட்டை மணலில் உள்ள இல்மனைற் கனிமத்திலிருந்து எடுக்கக்கூடிய தைத்தானியம் ஈரொட்சைட்டைப் பாருங்கள். அதன் அனரேஸ் என்ற படிக வடிவத்தின் சக்தி இடைவெளி, அதாவது ஒளியை உறிஞ்ச ஓர் இலத்திரன் தாண்டவேண்டிய சக்தி, சுமார் 3.2 இலத்திரன் வோல்ற். புற ஊதாவை மட்டுமே உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளைப் பெயின்றில் சேர்கிறது. பிபிஇ தருவது 2க்குச் சற்று மேல். அதை அப்படியே நம்பினால் அந்த வெள்ளைத் தூள் நிறமுள்ளதாகிவிடும்! பிபிஇயைவிட நுணுக்கமான ஹைபிரிட் முறைக்குப் போனால் இடைவெளி விரியும், ஆனால் நேரம் பல மடங்காகும். சிறிய அலகுக் கலத்துக்கு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் துண்டு) மட்டும் அதைச் செய்கிறேன்.

தங்கத் துகள்களுக்கு இந்த மென்பொருளை நாடாதீர்கள். 10 நனோமீற்றர் விட்டமுள்ள உருண்டையில் ஏறத்தாழ 30,000 அணுக்கள் இருக்கின்றன. அணுக்கள் இரட்டித்தால் கணிப்பு நேரம் ஏறத்தாழ எட்டு மடங்காகும் இடத்தில் அது நடக்காத காரியம். அங்கே மீப் என்ற இன்னொரு மென்பொருள் கைகொடுக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான அது அணுக்களைப் பார்க்காமல் மின்காந்த அலையையே காலப்படியாக நகர்த்துகிறது. நீரில் தங்கத் துகள்கள் சுமார் 520 நனோமீற்றரில் பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பாகத் தெரிவதை அதில் கண்டபோது வந்த மகிழ்ச்சி பெரிது. முப்பரிமாணத்தில், இடத்தைச் சிறு பெட்டிகளாகப் பிரிக்கும் கட்டத்தை இருமடங்கு நுணுக்கினால் வேலை 16 மடங்கு என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள்.

இதற்குக் கணினி வாங்கப்போகும் மாணவர்களுக்கு: முதலில் நினைவகத்தையும் யூபிஎஸ்ஸையும் பாருங்கள், கிராபிக்ஸ் கார்ட் பிறகு பார்க்கலாம். மாத மின்சார யூனிற் கூடக் கூட ஒரு யூனிற்றின் விலையே ஏறுவதால், பெரிய கணிப்புக்கு முன் வெட்டுச் சக்தியை, அதாவது கணிப்பின் நுணுக்கத்துக்கு நாம் கொடுக்கும் எல்லையை, சிறிய கலத்தில் படிப்படியாக உயர்த்தி, விடை அசையாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஓட்டுவது மின்சாரத்தை வீணாக்குவதுதான்.