முள்ளுக்கு மட்டும் தோற்ற தோட்டக் கையுறை

சிறுநீரகம் மாற்றி ஏழு மாதம் கழித்துதான் டாக்டர் மாடித்தோட்டத்துக்குச் சரி என்றார், அதுவும் கையுறை, முகக்கவசம் இல்லாமல் மண்ணைத் தொடக்கூடாது, மட்கு உரத்தைக் கிளறவே கூடாது என்ற நிபந்தனையோடு (எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதிலுள்ள பூஞ்சை நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடலாம்). தெருமுனை நர்சரியில் 180 ரூபாய்க்கு வாங்கிய நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) பூசிய கையுறை இது. உள்ளங்கையில் ஈரம் இறங்கவில்லை. ரோஜா முள் மட்டும் புறங்கைத் துணி வழியாகக் குத்திவிட்டது, அன்று முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க நான் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரையால் எனக்கு விரல் லேசாக நடுங்கும், அதோடு இதைப் போட்டுக்கொண்டு அரைக்கீரை விதையைக் கிள்ளித் தூவுவது நடக்காத காரியம். அப்புறம் மணலோடு கலந்து மிளகுத்தூள் டப்பாவில் போட்டுத் தட்டினேன், அழகாக விழுந்தது. கத்தரி நாற்று நடப் பிரச்சினையே இல்லை. ஒரு சைஸ் குறைத்து வாங்குங்கள். தொட்டி தூக்குவது மட்டும் இன்னும் வீட்டுக்காரர் வேலைதான்.