குஞ்சுகளைச் சேவலோடு சேர்க்க எந்த வழி தேவலை?

கொல்லையில் நாலைந்து பெட்டையும் ஒரு சேவலும் திரிகின்றன. அவற்றோடு சின்னக் குஞ்சுகளைச் சேர்க்க வேண்டும். தாய்க்கோழியிடம் பொறுப்பை விடலாம், கம்பிவலைக்கு மறுபக்கம் வைத்துப் பழக்கலாம், பெரிதாகும்வரை தனியே வளர்த்துவிட்டுச் சேர்க்கலாம், இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டுக்குள் விட்டுவிடலாம்.

எல்லோருக்கும் பயம் சேவல்மேல்தான். ஆனால் குஞ்சுகளை விடாமல் துரத்திக் கொத்துவது பெரும்பாலும் பெட்டைகள். பல சேவல்கள் குஞ்சுகளைக் கண்டுகொள்வதே இல்லை. சில சேவல்கள் இரையைக் கண்டால் 'கொக் கொக்' என்று கூப்பிட்டு, அலகால் எடுத்துக் கீழே போட்டு, குஞ்சுகள் தின்னட்டும் என்று நிற்கும். கொத்திக் கொன்றே போடும் சேவலும் உண்டு என்பதால் கண்மூடித்தனமாக நம்பவும் முடியாது.

அடைக்கோழி கையில் இருந்தால் நான் வேறு வழியை யோசிக்கவே மாட்டேன். 21 நாள் அடைகாத்துப் பொரித்த பெட்டை, சேவல் ஓரடி நெருங்கினாலே கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, செட்டையை விரித்துப் பாயும். தன்னைவிடப் பெரிய சேவல்கூட ஒதுங்கிப் போய்விடும். விளக்குச் சூடும் தேவையில்லை. ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் தாய் குஞ்சுகளைப் பிரித்துவிடும். அதற்குள் அவை கூட்டத்துக்குப் பழகியிருக்கும். ஒதுங்க இடமில்லாத நெருக்கடியான கூட்டில் மட்டும் இது சிக்கல். வெளியிலிருந்து வாங்கிய குஞ்சுகளை அடைக்கோழியின் அடியில் வைப்பதானால், பிறந்த ஓரிரு நாளுக்குள் இருட்டில் வைத்துவிட வேண்டும். நாள் கடந்தால் தாயும் ஏற்காது, குஞ்சும் ஒட்டாது.

தாய் இல்லாத குஞ்சுகளுக்குக் கம்பிவலைதான். முதல் வாரம் 35 டிகிரிச் சூடு, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி அளவில் குறைத்து, சுமார் ஆறு வாரத்தில் இறகு மூடியதும் கோழிகள் திரியும் இடத்திலேயே வலைத் தடுப்புக்குள் விட வேண்டும். வலைக்கண் அரை அங்குலம் போதும். பெரிதாக இருந்தால் தலையை நுழைத்துக்கொள்ளும். முதலில் சேவல் ஒரு செட்டையைத் தாழ்த்தித் தரையில் உரசியபடி வலையைச் சுற்றி வரும். நாள் போகப்போக அலுத்துவிடும். வலைப்பக்கம் திரும்பாமல் தன் பாட்டுக்குக் கிளறத் தொடங்கிவிட்டதா, சரி, திறக்கலாம். ஒன்று இரண்டு வாரம் ஆகும். திறந்த பிறகும் தடுப்பை அப்படியே விட்டு, அடியில் குஞ்சு மட்டும் நுழையக்கூடிய சந்து ஒன்று வையுங்கள். துரத்தினால் குஞ்சு சந்துக்குள் புகுந்துவிடும், துரத்தியது வெளியே நின்றுவிடும். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருக்கட்டும்.

தீவனத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே ஒன்றாக மேயும் காலத்தில் எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீவனம் அல்லது வளர்பருவத் தீவனம் போட்டு, முட்டையிடும் பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். சேவலுக்கும் அவ்வளவு கால்சியம் வேண்டியதில்லை.

வளரும்வரை காத்திருப்பது பாதுகாப்பு போலத் தெரியும். ஒரே கொத்தில் சாகிற ஆபத்து இல்லைதான். ஆனால் நான்கு மாதத்துக்கு மேல் ஆன விடலைச் சேவல்களை, பழைய சேவல் போட்டியாகத்தான் பார்க்கும். இளம் பெட்டைகளின் மேல் கனத்த சேவல் ஏறினால் முதுகு கீறிப்போகும். வெளியிலிருந்து வந்த குஞ்சுகளை நோய்க்குப் பயந்து சில வாரம் விலக்கி வைப்பது வேறு விஷயம். அடைக்கோழியின் அடியில் வைப்பது தவிர, மற்ற எந்த வழியிலும் அதை விடக்கூடாது.

ராத்திரி வழி எனக்குப் பிடிக்கவில்லை. விடிந்ததும் கோழிகள் புது முகத்தைக் கண்டுபிடித்துவிடும். கூடு அடைத்திருந்தால் குஞ்சுக்கு ஓட இடமும் கிடையாது. வலையில் பழகி முடித்த குஞ்சுகளைக் கூட்டில் அடையப் பழக்க மட்டும் இது உதவும்.

எந்த வழியானாலும் முதல் சில நாள் பக்கத்தில் இருங்கள். சேவல் இரண்டடி துரத்திவிட்டு நின்றால் விட்டுவிடலாம். மூலையில் மடக்கித் தலையிலேயே கொத்தினால் சேவலைத்தான் சில நாள் தனியே அடைக்க வேண்டும். ரத்தம் தெரிந்தால் மட்டும் அந்தக் குஞ்சை உடனே எடுத்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும்.